அம்மன் முதுகில் பசை

எங்கள் குப்பத்து அம்மன் கோயிலுக்கு நான் போவேன், கும்பிட மாட்டேன். அந்த அம்மன் வெறுங்கல்லாக இருந்த நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். என் அண்ணன் கட்டிய படகின் பலகை மேல் பாரமாகக் கிடந்தவள் அவள்.

எழுபதுகளில் மாமல்லபுரம் பக்கம் எல்லோரும் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருக்க, அண்ணனுக்கு மட்டும் பிளைவுட் படகு ஆசை பிடித்துக்கொண்டது. அண்ணி நகையும் என் நகையும் பலகையாயின. ஒரு பலகை எட்டடிதான் வரும். படகோ அதைவிட நீளம். அதனால் இரண்டு பலகைகளின் விளிம்பையும் சரிவாக இழைத்து, செந்நிறப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைத்தான். பசை இறுகும்வரை அசையாத பாரம் வேண்டும். சிற்பப் பட்டறையில் இருந்த அவன் சிநேகிதன், எங்கள் கோயிலுக்கென்று பாதி செதுக்கியிருந்த சிலையைக் கொடுத்தான். "கண்ணு தொறக்கிற வரிக்கும் இது வெறுங்கல்லு மச்சான், எடுத்துனு போ" என்றான். பலகைகள் சேருமிடத்தில் அதை மல்லாத்திப் படுக்கவைத்தார்கள்.

ஆணி வாங்க அண்ணன் செங்கல்பட்டுக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர் வந்தார். "ஆத்தாள வெறகு மாரி மல்லாத்திப் போட்டு வெச்சிகீறான், ஊரு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கூச்சல் போட்டு, ஆட்களை விட்டுச் சிலையைத் தூக்கிவிட்டார். நான் தடுத்தேன். பொம்பளை பேச்சு யார் காதில் ஏறும்?

திரும்பி வந்த அண்ணன், பலகைகள் சேர்ந்த மூட்டு மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. பிரித்து மறுபடி இழைத்து ஒட்டவேண்டும் என்றான். "படகு எறக்க நாள் குறிச்சாச்சி. ஆத்தா பாத்துக்குவா" என்றார் பெரியவர். ஊரார் தோள் கொடுக்காமல் எந்தப் படகும் கடலில் இறங்காது. அண்ணன் அந்தப் பலகையையே வைத்து ஆணி அடித்துப் படகை முடித்தான்.

முதல் அலை மேல் ஏறி விழுந்ததுமே படகு அந்த மூட்டில் வாய் பிளந்தது. அண்ணன் நீந்திக் கரைக்கு வந்தான். ஆத்தாளை அவமதித்த பாவம் என்று முதலில் சொன்னவர் அதே பெரியவர்தான். இனி இந்தக் கரையில் அவன் படகு கட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. சோற்றுக்கு வழியில்லாமல் அண்ணன் அதே சிற்பப் பட்டறைக்குக் கல் தேய்க்கப் போனான். கல்தூள் நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். சாவுக்கு வந்த பெரியவர், "நல்ல புள்ள, புத்திதான் கெட்டுப்பூட்ச்சி" என்றார். பிற்பாடு அவரும் செத்துப்போனார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்காக அம்மன் புடவையைக் களைந்தார்கள். முதுகில் இன்னும் அந்தச் செந்நிறக் கறை இருக்கிறது. "தானா ஊறுற குங்குமம்மா அது" என்று வெளியூர்ப் பெண் ஒருத்தியிடம் பூசாரி சொல்ல, அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் எண்ணெயும் பாலும் ஊற்றியும் அது போகவில்லை. அவ்வளவு நல்ல பசை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிடித்திருக்கும்.