மூடாத முதுகு

சித்தி தவளை முட்டை அள்ளியதை எங்கள் வீட்டு ஒழுங்கையால் நடந்துபோன மூன்று பேர் கண்டார்கள். பிறகு நடந்தவற்றுக்குக் காரணம் சொல்ல ஊருக்கு அந்த மூன்று பேரே போதுமாக இருந்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தார். தலைப்பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது சண்டிலிப்பாயில் எங்களுடன் வந்து தங்கினார். கார்த்திகை மழை விடாமல் பெய்து தோட்டமெல்லாம் வெள்ளம். ஒரு காலையில் சித்தி சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கி, ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் முட்டைகளை அள்ளி வந்தார். மாணவர்கள் முட்டைக்குள் உருவாகும் முளையத்தைப் படத்தில் மட்டும் பார்க்கிறார்கள், உயிரோடு வளர்வதைப் போனில் படம் எடுத்துக் காட்டப்போகிறேன் என்றார்.

எனக்கு ஒன்பது வயது. நான் நச்சரித்ததால் ஒரு தயிர்க் கோப்பையில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளைப் பிரித்துத் தந்தார்.

ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பந்து நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்திருந்தது. அந்தத் துண்டுகளின் பெயர் கலங்கள் என்றார் சித்தி. பத்து மணியளவில் பந்தின் ஒரு பக்கத்தில் பிறைபோல ஒரு கீறல் விழுந்தது.

"பார், உதாலைதான் கலங்கள் உள்ளுக்குப் போகுதுகள். ஒண்டை ஒண்டு விடாமல் ஒட்டிக்கொண்டு, ஒட்டினபடியே நகருதுகள். பிறகு ஒண்டுக்குள்ளை ஒண்டு நெருக்கிக்கொண்டு வரிசையா வரும். அதாலைதான் முதுகு நீளுது."

"ஆர் அதுகளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. பக்கத்திலை நிக்கிறதைத் தொட்டுத் தொட்டே போகுதுகள்."

சித்தி சாப்பிடப் போன நேரத்தில் என் கோப்பையில் வெள்ளையாக ஒரு புழு நெளிவதைக் கண்டேன். முட்டைகளைத் தின்னத்தான் வந்திருக்கிறது என்று பயந்துபோனேன். கறிக்கு வாங்கிய கோவாவின் இலைகளுக்குள் புழு இருந்தால் அம்மா உப்புத் தண்ணீரில்தான் போட்டு வைப்பார். குசினியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து போட்டேன். புழு செத்தது. முட்டைகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னேரம் சித்தியின் பெட்டியில் இருந்த முளையங்களின் முதுகின் இரண்டு பக்கங்களும் வரப்புப்போல எழும்பி, நடுவில் வந்து சந்தித்து, மூடிக்கொண்டிருந்தன. என் கோப்பையில் அவை சந்திக்கவே இல்லை. நடுவில் வெளிறிய ஒரு கட்டி பிதுங்கி நிற்க, முதுகு புண்போலத் திறந்து கிடந்தது.

சித்தி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உதுக்குள்ளை என்ன போட்டனீ?"

"ஒண்டும் போடேல்லை, சித்தி."

அவர் என்னைத் திட்டவில்லை. கோப்பையைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியிருந்தது.

மாசியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா குசினிக்குள் அப்பாவுடன் கதைத்தது எனக்குக் கேட்டது.

"முதுகு மூடேல்லை. இடுப்புக்கு மேலை நாரியடி திறந்து கிடக்கு. கால் ரெண்டும் அசையேல்லை."

நான் வாழையடிக்கு ஓடிப்போய், தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன்.

கொழும்புக்குக் கொண்டுபோகிற கதை நடந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டு, பதினோராம் நாள் பிள்ளை செத்துப்போனது. அன்று முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சித்தப்பாவின் தாய் சொன்னார்:

"வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டு தவளை முட்டை அள்ளித் திரிஞ்சவள். வேறை எப்பிடிப் பிறக்கும்?"

ஒழுங்கையில் கண்ட மூன்று பேரில் இருவர் அங்கே நின்றார்கள். இருவரும் தலையாட்டினார்கள். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் ஆள்மாறிக் குற்றம் சொல்கிறார்கள் என்பது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரியும் என்று நம்பினேன்.

இரண்டு கிழமை அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா வேப்பிலை அடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு மத்தியானம் சித்தி படுத்திருந்த அறைக்குள் போனேன்.

"சித்தி, நான்தான் உப்புப் போட்டனான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. புழு, கோவா, உப்பு எல்லாவற்றையும் அழுதபடி சொல்லி முடித்தேன். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்சை பார், பிள்ளை. தம்பியின்ரை முதுகு மூடாமல் போனது அதுக்குக் கனகாலம் முந்தி. நாலாம் கிழமையிலை மூடியிருக்கவேணும். அப்ப வயித்திலை பிள்ளை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. தவளையாலையும் இல்லை, உன்னாலையும் இல்லை. விளங்கிச்சோ?"

"ஓம்."

எனக்கு உண்மையாகவே விளங்கியிருந்தது. ஆகவே அடுத்ததைக் கேட்டேன்.

"அப்ப தம்பிக்கு ஆர் உப்புப் போட்டது?"

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முட்டை அள்ளப் போன காலைக்கு மூன்று நாள் முன்னதாகவே, பிள்ளையின் முதுகு மூடவில்லை என்று ஸ்கான் எடுத்துச் சொல்லிவிட்டார்களாம்; சித்தி அதை வீட்டில் சொல்லவில்லையாம். ஒரு முதுகாவது மூடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும்போல இருந்தது என்று சித்தி பிற்காலத்தில் அம்மாவிடம் சொன்னாராம். அந்த முதல் நாலு கிழமையில் தான் தின்றது, குடித்தது, போன இடங்கள், விழுங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் நினைவுபடுத்தி, ஒரு கொப்பியில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தாராம். சில நாட்களுக்கு நேரே ஒன்றும் இல்லையாம். அந்த நாட்களைத்தான் திரும்பத் திரும்ப வட்டமிட்டிருந்தாராம்.

இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு, சித்திக்கு நித்திரை வருகிறது என்றுதான் நினைத்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். பல நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. அம்மாவிடம் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.