டோரிகாவின் பின் சீட்டு

வந்ததும் டோரிகா காரின் பேனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார் சின்னத்தாய். உள்ளே என்ஜினே கிடையாது.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பழைய கார்களை உடைத்து விற்கிறேன். டோரிகா வந்தால் சின்னத்தாய்க்குப் போன் போட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவது. அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் மாரிச்செல்வம் வாடகைக்கு டோரிகா ஓட்டியவர். இரண்டாயிரத்து மூன்றில் அவிநாசி வரை சவாரி என்று போனார். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை.

"உருண்ட லைட்டுன்னா மொத செட்டு. எங்க வண்டி அதுதான்" என்பார். அடுத்து நீள விளக்கு. இரண்டாயிரத்து ஆறில் கார் கம்பெனிக்காரர்கள் பின் சீட்டைக் கையகலம் கூட்டினார்கள், அப்பவும் விற்பனை ஓடவில்லை, எட்டில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏனுங்கக்கா, அந்தக் கம்பெனி உங்க மாமனாரு ஊட்டுதுங்களா?" என்பான் வேலை செய்யும் வேலுமணி.

"ஆமா, என் பேருலதான் எழுதிருக்காக. நீ வாய மூடிட்டு போல்ட்டக் கழட்டு."

போன மாதம் ஏலத்தில் கடைசி செட்டு டோரிகா ஒன்று எடுத்தேன். டிரைவர் பக்கம் நசுங்கி, ஸ்டியரிங் சீட்டுக்குள் புகுந்து கிடந்தது. பின்பக்கம் ஒரு கீறல் இல்லை. பின் கதவைத் திறந்த சின்னத்தாய் அப்படியே நின்றுவிட்டார். சீட்டு உறை பனியன் வேஸ்ட் துணி, நீலமும் சாம்பலும்.

"அண்ணாச்சி, இது நான் அடிச்ச உறை."

"அவரு போறப்ப இந்த செட்டே வரலீங்களே."

"அதான்." உறையைத் திருப்பிக் காட்டினார். பழைய சீட்டுக்கு அடித்தது இந்த அகலச் சீட்டுக்குப் பத்தாமல், நடுவில் புதுத்துணிப் பட்டை ஒன்று சேர்த்துத் தைத்திருந்தது. விரலால் நீவினார். "எவளோ ஒருத்தி, நல்லாத்தான் அடிச்சிருக்கா."

சீட்டில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. "இப்படித்தான், கோணலாப் படுப்பாக." பிறகு நசுங்கிய டிரைவர் சீட்டைப் பார்த்தார். என்னால் அங்கே பார்க்க முடியவில்லை.

"ஏலக்காரங்ககிட்ட ஓனர் பேரு கேக்கட்டுங்களா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

உறையையாவது கழற்றித் தருகிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை. குனிந்து பின் கதவின் கைப்பிடியைச் சுற்றினார். உள்ளே படுத்திருக்கிறவருக்குக் காற்று வருகிற அளவு கண்ணாடியை இறக்கினார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.