குரோனோ பார்க்காமல் அனுப்பிய ரெப்ளிக்

பதினான்கு வருடமாக ஓர் ஏர்சாஃப்ட் கடையில் திருத்த வேலை செய்கிறேன். குரோனோவில் வைத்துப் பார்க்காமல் ஒரு சாமானைக் கடைக்கு வெளியே விட்டது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மற்றதையெல்லாம் இணையத்தில் பார்த்துப் படித்துக்கொள்வார்கள். இதை எவரும் படம்பிடித்துப் போடமாட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஏர்சாஃப்ட் சாமான் பார்வைக்கு அசல் துவக்குத்தான். உள்ளே ஒரு மோட்டார், மூன்று பல்லுச் சில்லு, ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். ஆறு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள்ளோ பழைய தொழிற்சாலைக்குள்ளோ இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடுவார்கள். குண்டு பட்டால் பட்டவர் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டும். குரோனோ என்பது குண்டின் வேகத்தை அளக்கும் சின்னப் பெட்டி. வேகம் கூடினால் மற்றவருக்குக் காயம் வரும்.

1. முதல் நாள்

நான் பாரிசுக்கு வந்தது 2009இல். ஒரு வருடம் கார் து நோர் பக்கத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஊரில் தண்ணீர்ப் பம்புகள் திருத்தியவன் என்பதால் ஒருநாள் அங்கே பழுதாகிக் கிடந்த கோப்பி மெசினைக் கழற்றித் திருத்திப் பூட்டிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அடுத்த கிழமையே என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். அவர்தான் என் பத்ரோன், முதலாளி ழேரோம்.

முதல் நாள் அவர் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். “இஞ்சை ஆரும் ஆயுதம் எண்டு சொல்லக்கூடாது. ரெப்ளிக். வாற சனம் ஆயுதம் எண்டு சொன்னாலும் நீ திருத்தவேணும். விளங்குதே?”

விளங்கியது. ரெப்ளிக் என்றால் நகல். பிரெஞ்சில் அந்தச் சொல் கையோடு இருந்தது. தமிழில்தான் சிக்கல். கடை இருந்த லா ஷப்பலில், எங்கள் தமிழ்த் தெருவில் கால் வைத்தால் மரக்கறிக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் ஒரே கேள்விதான். “அண்ணை, நீங்கள் இன்னும் உந்தத் துவக்குக் கடையிலயோ?” ஓம் என்பேன். அதோடு கதை நின்றுவிடும். அவர்களில் பலர் ஊரில் சண்டை முடிந்த கையோடு வந்து இறங்கியவர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னோடு என்ன கதைப்பது?

கலியாணப் பேச்சு ஒன்றும் அப்படித்தான் போனது. தரகர் தொலைபேசியில் எடுத்தார்.

“தம்பி, நீ விளையாட்டுச் சாமான் கடையெண்டெல்லோ சொன்னனி. பொம்பிளை வீட்டார் ஆளனுப்பிக் கடையைப் பாத்திட்டினம்.”

“விளையாட்டுச் சாமான்தான் அண்ணை.”

“அது சரி. யன்னல்ல முப்பது துவக்குத் தொங்குதாமே.”

எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு. அதைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று வைத்துவிட்டேன்.

என் மேசை கடைக்குக் கீழே, நிலவறையில். மேலே தெரு முழுக்கத் தமிழ் இரையும். கீழே நானும் ஸ்பிரிங்கும். நான் குடியிருந்த லா கூர்னெவில் என்னோடு அறையில் இருந்த இருவருக்கும் இரவு வேலை. நான் வேலையால் வர அவர்கள் போய்விடுவார்கள். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசிய தமிழ், “ஒரு றோல்ஸ், ஒரு பிளேன் ரீ” என்பது மட்டுமாக இருக்கும். விசர் வந்துவிடுமோ என்று சில நேரம் பயந்திருக்கிறேன்.

2. எதைத் துவக்கணும்?

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், ஒரு சனிக்கிழமை. பத்ரோன் மேலேயிருந்து கூப்பிட்டார். “ஏறி வா. உன்ரை ஊர் ஆள் போலக் கிடக்கு.”

என் ஊர் ஆள் இல்லை. புதுச்சேரிக்காரர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மழைக் கோட்டு, கழுத்துப் பட்டி, கையில் கோப்புப் பை. அந்துவான் என்று பெயர் சொன்னார். வடக்குப் புறநகரில் ஒரு மேரியில், அதாவது நகரசபையில், பிறப்பு இறப்புப் பதிவு யன்னலில் வேலை. என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் வணக்கம் சொன்னார். எனக்கு வந்த புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், பத்ரோன் சொல்லித்தந்த சொல் எங்கேயோ பறந்துவிட்டது.

“துவக்கோ வேணும் ஐயா?”

அவர் முழித்தார். “எதைத் தம்பி துவக்கணும்?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் சுவரைக் காட்டினேன். “ஓ, துப்பாக்கியா!” என்று அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். அந்தக் கடைக்குள் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எதற்கு என்று கேட்டேன்.

“மேரில இருபத்தாறு வருஷமா இருக்கேன் தம்பி. என் கொலேக்குங்க, கூட வேலை செய்றவங்க, ஒரு எக்கிப், டீம் மாதிரி, வெச்சிருக்காங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விளையாடப் போவாங்க. திங்கக்கிழமை முழுக்க அதே பேச்சுதான். நான் சிரிச்சிக்கினே உக்காந்திருப்பேன். இந்த வாட்டி ஒரு ஆள் கொறையுதாம், நீ வரியான்னு என்னைக் கேட்டாங்க. சரின்னுட்டேன். வீட்டுக்குப் போயிதான் யோசிச்சேன், எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதேன்னு.”

வீட்டில் யார் என்று கேட்டேன். மனைவி இறந்து நாலு வருடம் என்றார். விளையாட்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

முதல் ரெப்ளிக் வாங்க வருகிறவருக்குச் சொல்லவேண்டியதை ஒழுங்காகத்தான் சொன்னேன். விலை உயர்ந்ததும் வேண்டாம், மலிந்ததும் வேண்டாம். எம்-ஃபோர் வடிவில் ஒன்று எடுங்கோ, அதன் கியர்பொக்ஸுக்கு உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும். தோளில் வைத்துப் பாருங்கோ, கை நோகிறதா என்று பாருங்கோ. நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுகிறவர், அதற்கு மேலே போடக்கூடிய நல்ல முகக்கவசம்தான் முதல் செலவு. பிறகு நல்ல குண்டு, அளவான பற்றறி, சரியான சார்ஜர். போகும் வரும் வழியில் பையில் போட்டு மூடித்தான் கொண்டுபோகவேண்டும். ஆறு மாதத்துக்கு உள்ளே ஒன்றையும் மாற்றாதீர்கள். விளையாடிப் பார்த்தால்தான் எது குறை என்று தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டு, நான் சொன்னதையே வாங்கினார். அப்படியே கையில் கொடுத்து அனுப்பியிருக்கவேண்டும். ஆனால் நாங்கள் முக்கால் மணித்தியாலம் கதைத்திருந்தோம். பை மூடப்படுகிற சத்தம் கேட்டது. இந்தாள் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று பட்டது. வாயைத் திறந்தேன்.

“அண்ணை, இதை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ. உள்ளுக்குக் கொஞ்ச வேலை கிடக்கு. வாற சனி வந்து பாருங்கோ.”

ஆறு மாதம் தொடாதே என்று சொன்ன வாய்தான் அது. அவர் நம்பினார்.

3. மூன்று வேலை

பெட்டியிலிருந்து எடுத்தபோது குரோனோவில் 310 காட்டியது, வினாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கு. முதற்கிழமை ஸ்பிரிங்கை மாற்றினேன், 338. சனிக்கிழமை அவர் வந்ததும், குழாயையும் மாற்றினால் குண்டு நேராகப் போகும் என்றேன். இரண்டாங்கிழமை நெருக்கமான குழாய் போட்டேன், 346. பெரும்பாலான மைதானங்களில் 350க்கு மேல் விடமாட்டார்கள். சட்டம் அதற்கு மேலும் இடம் கொடுக்கும், மைதானம் கொடுக்காது. அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். குண்டைப் பிடிக்கிற ரப்பரையும் காற்றூதும் மூக்கையும் மாற்றுவோம் என்றேன்.

இத்தனையும் சேர்த்து அரைநாள் வேலை. நான் மூன்று கிழமை மினக்கெடுத்தினேன்.

சனிக்கிழமைகளில் முகம் மழித்துக்கொண்டு போகத் தொடங்கினேன். அவர் நிலவறைக்கு இறங்கி வந்து கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றில் உட்காருவார். நான் கழற்றிக்கொண்டே கதைப்பேன். என் தமிழ் அவருக்குப் பகிடி, அவர் தமிழ் எனக்குப் பகிடி. பத்தொன்பது வயதில் புதுச்சேரியை விட்டவர், இன்னமும் தேங்காய்ப்பால் விட்டு மீன் குழம்பு வைப்பதாகச் சொன்னார். நானும் அப்படித்தான் என்றேன். பிரெஞ்சு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதும்போது முதல் வரியில் என்ன எழுதவேண்டும் என்று சொல்லித்தந்தார். அந்த மூன்று கிழமையும் நான் மனுசனாக இருந்தேன்.

மூன்றாவது சனி. அடுத்தநாள் விளையாட்டு. அவர் ஒரு டப்பா நிறைய மசால் வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“ஏழு மணிக்கு வாசல்ல நிக்கணும் தம்பி. கார்ல வந்து ஏத்திக்கினு போறாங்களாம். நான் ஆறுக்கே நிப்பேன்.”

“குளிர் அண்ணை, விறைச்சுப் போவியள்.”

“விறைக்கட்டும். ஒரு நாளாவது அவங்களுக்காக நான் காத்திருக்கேன்.”

வடையைச் சாப்பிட்டபடி கடைசி ஆணியை இறுக்கினேன். விசையை அழுத்தினேன். நல்ல சத்தம், கட்டிறுக்கமான சத்தம். மேலேயிருந்து பத்ரோன் கடை பூட்டப்போகிறேன் என்று கத்தினார். குரோனோ மேலே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். அந்துவான் அண்ணையோ புதுக் காற்சட்டையின் பொக்கற்றுகளை எனக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார். போன கிழமை 346, ரப்பரும் மூக்கும் மாற்றினால் இரண்டு மூன்று கூடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பையில் போட்டு மூடிக் கொடுத்தேன்.

காற்றுக் கசிந்துகொண்டிருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இரண்டு மூன்று கூடும் என்று நினைத்தவன் நான். பம்பு திருத்திய எனக்கு அது தெரியாமல் இல்லை.

4. வாகனத் தரிப்பிடம்

அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. ரெப்ளிக் நன்றாக வேலை செய்கிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாங்கிழமை அந்த எக்கிப்பைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுப் பெண் பற்றறி வாங்க வந்தாள். அந்துவான் எப்படி விளையாடினார் என்று கேட்டேன்.

“விளையாடேல்லையே. வாசல்ல குரோனோ வைச்சுப் பாத்தாங்கள், 372. மூண்டு தரம் பாத்தாங்கள். விடமாட்டம் எண்டிட்டாங்கள். எங்களிட்டையும் மேலதிகமா ரெப்ளிக் ஒண்டும் இருக்கேல்லை.”

“பிறகு?”

“எங்கடை கார்லதானே வந்தவர். பின்னேரம் வரைக்கும் தரிப்பிடத்திலயே இருந்தார். எங்களுக்குக் கோப்பி ஊத்தித் தந்தார். பாவம், புது உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு.”

அடுத்த மாதம் வருவாரா என்றேன். கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று சொல்லிவிட்டாராம்.

பத்ரோன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவள் போனபிறகு, “குரோனோ பாத்தனியா?” என்றார்.

“இல்லை.”

“முதல் ரெப்ளிக். பெட்டியில இருந்தமாதிரியே குடுத்திருக்கலாம். மூண்டு கிழமையா கீழ என்ன செய்துகொண்டிருந்தனி?”

“கதைச்சுக்கொண்டிருந்தனான்” என்றேன். அவர் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

5. இரண்டாம் யன்னல்

அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஆர்.ஈ.ஆர் ரயிலிலும் பிறகு பஸ்சிலும் அந்த மேரிக்குப் போனேன். இயந்திரத்தில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் யன்னலில் அவர். கழுத்துப் பட்டி, அதே முகம். என் இலக்கம் அவருக்கே விழுந்தது.

என்னைக் கண்டார். கண்டுகொண்டே, “போன்ழூர் மிசியே, என்ன அலுவல்?” என்று பிரெஞ்சில் கேட்டார். வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே குரல்.

ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மன்னிப்பெல்லாம் மறந்துபோனது. “அண்ணை, அதிலை ஒரு வேலையும் செய்யத் தேவையிருக்கேல்லை. நீங்கள் வரவேணும் எண்டுதான் ஒவ்வொண்டாச் சொன்னனான். கடைசியிலை உங்களோடை கதைச்சுக்கொண்டு குரோனோவும் பாக்காமல் விட்டிட்டன். எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்து யன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை.

அவர் மேசையிலிருந்த முத்திரையை எடுத்து, திரும்ப வைத்தார். பிறகு தமிழில், மெதுவாக:

“இதுக்கா இவ்ளோ? சும்மா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே தம்பி. எனக்கு மட்டும் சனிக்கிழமைல யாரு இருக்கா?”

அந்த இடத்திலேயே வாங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் பொத்தானை அமத்திவிட்டார். அடுத்த இலக்கம் விழுந்து, பிள்ளை வண்டியோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் விலகினேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ரப்பர் மாற்றினாலும் குரோனோவில் வையுங்கள். போன கிழமை இலக்கத்தை நம்பாதீர்கள். முதல் ரெப்ளிக்கை வாங்கின அன்றே கொடுத்து அனுப்புங்கள். அதை வாங்குகிறவர் எங்கேயோ ஓர் இடத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவதற்காக வாங்குகிறார், அதை மறக்கவேண்டாம். ஒருவர் திரும்ப வரவேண்டும் என்று மனதில் பட்டால் அவர் சாமானைப் பிடித்து வைக்காமல் வாயால் கேளுங்கள்.

நான் அதன்பிறகு இரண்டு தடவை அந்துவான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தடவையும் பதில் சொல்லும் கருவிதான் எடுத்தது. இரண்டு தடவையும், “அண்ணை, ரெப்ளிக்கைக் கொண்டு வாங்கோ, பழைய ஸ்பிரிங்கைப் போட்டுத் தாறன்” என்றுதான் சொல்லி வைத்தேன். சும்மா வாங்கோ என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.