தம்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்

எனக்கு வயது எழுபத்தொன்பது. நான் வளர்த்தது ஆறு பிள்ளைகள். அதில் ஐந்து நான் பெற்றது. மிச்சம் ஒன்று, எல்லோருக்கும் முன்னால் என் இடுப்பில் ஏறியது, என் தம்பி. எங்கள் அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு ஒரு பால் பல்கூட விழவில்லை. எனக்குத் தாலி ஏறும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மணவறை ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். பாத்திரம் பண்டத்தோடு அவனையும் அழைத்துக்கொண்டுதான் கடலூர் முதுநகருக்கு வாழ வந்தேன். என் வீட்டுக்காரர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்தவர் இல்லை. அதையும் தம்பிக்காகப் போடுகிற இந்த நினைவு மலரில் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுத வராது. நான் சொல்கிறேன், என் பேத்தி கயல் எழுதுகிறாள். இறந்தவர்களை 'அவர்' என்றுதான் போட வேண்டும் என்று அவள் அப்பா, என் மூத்த மகன், சொன்னான். மற்றவர்கள் அப்படியே எழுதட்டும். நான் மூக்குச் சிந்திவிட்டவன் எனக்கு அவன்தான். இதைவிடப் பெரிய மரியாதை என்னிடம் இல்லை.

நாங்கள் பிறந்தது அண்ணாகிராமத்துப் பக்கம். அப்பாவுக்கு முந்திரிக் காட்டில் கூலி வேலை. தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. மஞ்சக்குப்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் சேர்த்துவிட்டோம். அங்கே தொழில் படித்து, பிறகு கிரைண்டர் மெக்கானிக் ஆனான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ரோட்டோரத்து ஓட்டல், மெஸ், டிபன் கடை எல்லாவற்றிலும் மாவு அரைக்கிற கிரைண்டர் அவன் கை பட்டதுதான். பெல்ட் மாற்றுவான், கல் தேய்ந்தால் கொத்திக் கொடுப்பான். கொத்தி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவான். காலையில் புதுச்சத்திரத்தில் இட்லி என்றால் மத்தியானம் சிதம்பரத்தில் சாப்பாடு. பெண் பார்த்தோம். இரண்டு இடம் கூடி வந்து நின்றுபோனது. அப்புறம் அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டான்.

"மாமாவுக்கு ஊர் பூரா அடுப்பு எரியுது, பொண்டாட்டி எதுக்கு?" என்று என் பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள். எனக்குத்தான் ஆறாது. நான் இந்த வயது வரைக்கும் ஓட்டல் பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தவள் இல்லை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன் கடை கடையாகச் சாப்பிடுகிறானே என்று தீபாவளிக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏன்டா, என் சோத்துல என்னாடா கொறச்சல்?"

"ஒன்னும் இல்லக்கா. ஒன் சாம்பார்ல பாசம் ஜாஸ்தி, உப்பு கம்மி."

கரண்டியை எடுத்து ஓங்கினேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு.

ஆனால் மத்தியானம் ஒரு வேளை தவறாமல் போன் வரும். நான் "சாப்ட்டியாடா" என்று மட்டும் கேட்பேன். எங்கே, என்ன, எது நன்றாயிருந்தது, எதில் காரம் என்று வரிசையாகச் சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன்.

அவனுக்குச் சில வழக்கங்கள் உண்டு. எந்தக் கடையாக இருந்தாலும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மூலையில், சுவரைப் பார்த்தமாதிரிதான் உட்காருவான். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்து, காற்றாடிக் காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்து வைப்பான். கவிழ்த்த டம்ளரைப் பார்த்தால் கிரைண்டர்காரர் வந்துபோனார் என்று தெரிந்துகொள்வார்களாம்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் உணவுக்குழாயில் நோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதில்தான் கஞ்சித் தண்ணீர் போனது. நாக்கில் ஒன்றும் படக் கூடாது. நான் பக்கத்திலேயே இருந்தேன். "அக்கா, இன்னிக்கி வெள்ளிக்கெழம. அண்ணாமலை நகர் போற வழியில ஒரு மெஸ் இருக்குல்ல, அங்க சம்பா சாதமும் கத்திரிக்கா கொத்சும் வெப்பாங்க" என்று காற்றாகிப்போன குரலில் சொல்வான். சொல்லிவிட்டுத் தூங்கிப்போவான். தூக்கத்தில் தாடை அசையும். மெல்லுவான். வலது கை போர்வைமேல் சோறு பிசைகிற மாதிரி பிசையும். ஒரு கவளம் உருட்டும்.

"தாத்தா சாப்புடுறாரு பாருங்க" என்று நர்ஸ் பெண் முதல் நாள் சிரித்தாள். அடுத்த நாள் சிரிக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அவன் சாப்பிட்டு முடித்ததில்லை. பாதியில் கை நின்றுவிடும். கண்ணைத் திறந்து, எதிரில் இலை இல்லாததைப் பார்ப்பான்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது போய்ச் சேர்ந்தான்.

முதுநகர் வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். திட்டக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வர வேண்டியிருந்ததால் சாயங்காலம்தான் எடுத்தோம். அதுவரைக்கும் நான் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. மத்தியானம் தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற மேளம் கேட்டது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த நேரத்தில் பெட்டிக்கு உள்பக்கம் ஆவி படிந்து அவன் முகம் கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்தது. பெட்டிக்காரர், மின்சாரம் விட்டு விட்டு வருவதால் அப்படி ஆகும் என்றார். ஆகும்தான்.

குளிப்பாட்டும்போது தலைக்கு எண்ணெய் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டு அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம், நகத்துக்குள்ளும், மஞ்சளாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. ஆஸ்பத்திரி மருந்தாக இருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். பிறகு வாய்க்கரிசி போட்டோம். அரிசிதான். சோறு இல்லை. சோற்றுக்காகவே அலைந்தவன் வாய்க்கு ஒரு பருக்கை வெந்த சோறு இல்லாமல் போய்விட்டானே என்பது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. பசியோடு போன உயிர் எந்த வாசலில் நிற்கும், யார் அதற்கு இலை போடுவார்கள்?

பதினாறாம் நாள் படையலை மாடியில் வைத்தோம். அவனுக்குப் பிடித்ததெல்லாம் கடையிலிருந்து வாங்கி வந்தோம். ஒரு காக்கை வந்தது. இலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என்னைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் பறந்துபோனது. திரும்ப வரவே இல்லை. உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. மத்தியானமானால் போன் அடிப்பது போலிருக்கும். எடுத்தால் திரை இருட்டாக இருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் அவன் அறையைக் காலி செய்ய மூத்தவனோடு சிதம்பரம் போனேன். அப்படியே அவன் சொன்ன மெஸ்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று போனோம். மத்தியானக் கூட்டம். சப்ளையர் ஏழுமலை என்பவர், தலை நரைத்தவர், கையில் சாம்பார் வாளியோடு நின்று, "யாரும்மா?" என்றார். கிரைண்டர்காரரின் அக்கா என்றேன்.

"அட, அக்காவா! என்னா அக்கா, மச்சான் அன்னைக்கி வந்துட்டுப் போனவரு, அதோட ஆளயே காணும்?"

"என்னைக்கி வந்தாரு?" என்று மகன் கேட்டான்.

"ஆடி மொத வெள்ளிங்க. கூழு ஊத்துனாங்களே, அன்னைக்கி மத்தியானம். ரொம்ப நாளு கழிச்சி வந்தாரு. என்னா மச்சான், எங்களயெல்லாம் மறந்துட்டியான்னு கேட்டன். ஒரு வார்த்த பேசல, சிரிச்சாரு. ஆளு பாதியா போயிட்டாரு. ஒடம்பு சரியில்ல போலன்னு நானே கொத்சு ஜாஸ்தியா வெச்சன். ரெண்டு வாட்டி சோறு வாங்குனாரு."

மகன் என் தோளைப் பிடித்தான். நான் அவன் கையை எடுத்துவிட்டேன்.

"எங்க ஒக்காந்தான்?" என்று கேட்டேன்.

"அதோ, அவரு எடந்தான்." மூலை மேசையைக் காட்டினார். "கை கழுவப் போனாரு, கொழா தொறந்த சத்தம் கேட்டுச்சி. அப்பறம் பாத்தா ஆள் இல்ல. இலை மேல டம்ளரு கவுத்திருந்துச்சி, எப்பவும் போல. ஆனா அக்கா, தப்பா நெனைக்காதீங்க..." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கி இலைய அந்தப் பக்கமா மடிச்சிருந்தாரு. துக்க வீட்ல சாப்ட்டா மடிப்பம்ல, அந்த மாதிரி. என்னாடா இது, யாரு வீட்டுத் துக்கத்துக்குப் போயிட்டு வந்தாருன்னு எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சி."

நான்தான் சொன்னேன், அன்றைக்கு விடியற்காலை அவன் இறந்துவிட்டான் என்று. ஏழுமலை கையிலிருந்த வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா எழுந்து வந்தார். "கேமரா இருக்குங்க. ஒரு மாசம் வரைக்கும் படம் நிக்கும். வேணும்னா இப்பவே பாத்துடலாம்."

"பாத்துடலாம்மா" என்றான் மகன். "வேற யாராவதா இருக்கும். கூட்டத்துல இவரு ஆள மாத்தி நெனச்சிருப்பாரு."

"வேணாம்டா."

"ஏன்மா?"

"வேணாம்னா வேணாம்."

எனக்குத் தெரியாதா? அவன் அங்கே சாப்பிட்ட நேரத்தில் என் கை கண்ணாடிப் பெட்டிமேல் இருந்தது. படத்தில் வேறு யாரோ இருந்தால் என் தம்பி மறுபடியும் பட்டினி. அவனே இருந்தால் அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அவன் விரல் நுனியின் மஞ்சளைத் துடைத்தபோது நான் மூக்கருகே கொண்டுபோகவில்லை. இதுவும் அதுபோல இருக்கட்டும். தன் துக்கச் சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டு, முறைப்படி இலையை மடித்துவிட்டுப் போயிருக்கிறான். வயிறு நிறைந்தவன் என் மாடிக்கு எதற்கு வரப் போகிறான்? காக்கை தொடாததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்றைக்கு நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டலில் சாப்பிட்டேன். அந்த மூலையில், சுவரைப் பார்த்து. பெஞ்சியில் பாதியை விட்டு, ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கொத்சு நன்றாகத்தான் இருந்தது. உப்பு சரியாக இருந்தது. முடித்ததும் இலையை என் பக்கமாக மடித்தேன். நமக்குள் உறவு முறியவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். ஏழுமலை வந்து நின்று, வெகுநேரம் அந்த இலையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் தலையைத் தாங்கிப் பிடித்த நர்ஸ் பெண்ணுக்கும், வெயிலில் திட்டக்குடியிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், இத்தனை வருஷம் அவனுக்கு இலை போட்ட கடலூர், சிதம்பரம் ஓட்டல்காரர்களுக்கும், கேட்காமலே ஒரு கரண்டி ஜாஸ்தி வைத்த ஏழுமலைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வருஷ திவசத்துக்கு வருகிறவர்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மூலையில் ஒரு இலை தனியாகப் போட்டிருக்கும். அங்கே யாரும் உட்கார வேண்டாம். அதை யாரும் மடிக்கவும் வேண்டாம்.

போதும், கயலு. எழுதினதை எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு. உங்கப்பன் அந்த மெஸ் விஷயத்தை எடுத்துவிடச் சொல்லுவான், எடுக்காதே. அவசரப்படாமல் படி. அவன் ரெண்டு வாட்டி சோறு வாங்கினான் என்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி, கண்ணு.