கீதுவும் கீதாவும்

ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பது என்பது, இருபத்தைந்து கண்காணிப்பாளர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து தேர்வு எழுதுவது போன்றது. செய்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மந்தைவெளியில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்குத் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

சராசரி

முதல் நாள், வகுப்புப் பிள்ளைகளிடமே ஏதாவது தரவு திரட்டி வரச் சொன்னேன். மறுநாள், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர், ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வந்திருந்தார். பாதிப் பேர் பக்கத்துத் தெரு. மீதிப் பேர், ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஊர்க்கோடிக்கு வீடு மாற்றப்பட்டும் பழைய பள்ளியை விடாதவர்கள். நான் கணினியைத் தட்டி, சராசரி ஐம்பது நிமிடம் என்று பெருமையாக அறிவித்தேன். டீச்சர் திரையை எட்டிப் பார்த்தார்.

“அம்பது நிமிஷத்துல வர்ற புள்ள என் கிளாஸ்ல ஒண்ணுகூட இல்லியே சார்.”

திரையில் விழுந்தது

அடுத்த வாரம் அவர் வகுப்பிலேயே, பேசினால் எழுதிக் காட்டும் செயலியை ஓடவிட்டேன். ஊர்க்கோடியிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு தேவி ஆர்வமாக எழுந்து, “பாத்திரம் சூடா கீது” என்றாள்; ‘இருக்கு’ என்பதுதான் அவள் பேச்சில் ‘கீது’. திரையில் ‘பாத்திரம் சூடா கீதா’ என்று ஒரு பெண்ணின் பெயராக விழுந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஒழுங்காகச் சொல்லும்மா என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்று அவள் வீட்டில் பேச்சு வேறு. ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

“ரெண்டு பஸ் மாறி அவ வர்றதே, இங்க கை தூக்கிப் பதில் சொல்லத்தான் சார்.”

பச்சை விளக்கு

பத்து நாள் கழித்து அந்த வகுப்புக்குப் பயந்துகொண்டே போனேன். மாதிரி கொடுத்தால்தான் இயந்திரம் கற்கும் என்று நான் பயிற்சியில் சொன்னதை டீச்சர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நாமே குரல்களைப் பழக்கிவிடக்கூடிய ஒரு சின்ன மென்பொருளை எடுத்து, குரல் திரட்டும் பொறுப்பைத் தேவியிடம் கொடுத்துவிட்டார். அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், பஸ் கண்டக்டர், ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒருவரையும் விடாமல் ‘கீது’ சொல்லவைத்துப் பதிந்திருந்தாள் அவள். ‘கீது’வும் ‘இருக்கு’வும் ஒன்று என்று இயந்திரத்துக்குப் பழக்கியும் ஆகிவிட்டது. பள்ளி மாறும் பேச்சும் நின்றுவிட்டதாம். பிள்ளைகள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, சொல் புரிந்ததற்கு அடையாளமாகத் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. வருடக்கணக்காக நான் படம் போட்டு விளக்குவதை இந்தப் பெண் செய்தே காட்டியிருந்தாள்.

என்னையும் சொல்லச் சொன்னார்கள். மயிலாப்பூரில் ‘இருக்கு’ என்றே பேசி வளர்ந்த நாக்கு, ‘கீது’ என்றேன். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன், ம்ஹூம். யாரும் சிரிக்கவில்லை. தேவி நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டாள்.

“உங்கள மாதிரி பேசறவங்க குரலு எங்க கையில கம்மியா கீது சார். இன்னும் பத்து தபா சொல்லுங்க.”

அந்த வருடச் சான்றிதழ்களில் ‘பயிற்சியாளர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான், ‘பயிற்சி பெற்றவர்’ என்ற இடத்திலும் போட்டிருக்கலாம்.