கை படாத இருக்கை

காரைக் கண்டால் எல்லோரும் முகப்பைப் பார்ப்பார்கள். சொர்ணம்மாள் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து, உள்ளே இருக்கையைத்தான் பார்ப்பார். பர்மாவில், லத்தா பேட்டையில் எங்கள் தெருமுனையில் அவருடைய தையல் பட்டறை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்துவந்த காட்சி அது.

பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளின் மெத்தை நைந்துபோனால் அவரிடம்தான் வரும். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து தேங்காய் நார் வாங்கி அடைத்து, கடைசித் தையல் போடுமுன் உள்ளே ஒரு மஞ்சள் கயிற்றை முடிந்துவிடுவார். ஏறி உட்காருகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டுமாம்.

போன வருடம் ஒரு ஹோட்டலில் அந்தக் கம்பெனியின் வரலாற்றுக் கண்காட்சி நடந்தது. அவரை நான்தான் அழைத்துப்போனேன். வண்டியை வரைந்த பொறியாளர், குண்டு விழுந்த தொழிற்சாலையைப் போருக்குப் பின் ஓடவைத்த பிரிட்டிஷ் அதிகாரி என்று சுவரெல்லாம் பெயர்கள். நடுவில் ஒரு நீல வண்டி. அதன் அட்டையை வாசித்துக் காட்டினேன்: "இருக்கைகள் ஜெர்மனியில் தைத்தவை. இதுவரை கை படாதவை."

"என்னாது, கை படாததா? நார் குத்தி ரத்தம் வந்த கை தம்பி இது!"

வண்டியின் சொந்தக்காரர் ஊ தெய்ன் ஹான் அங்கேயே நின்றிருந்தார். சொர்ணம்மாள் பர்மியத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே எங்கிட்ட கொண்டாந்து போட்டீங்க? என் பேரை எழுதுங்க."

"அடோ, வண்டிக்கு விலை பேசியாச்சு. சத்தம் போடாதீங்க" என்றார், அத்தை என்று பர்மியத்தில் விளித்து.

"பிரிச்சுப் பாருங்க, உள்ளே மஞ்சக் கயிறு இருக்கும். ஜெர்மன்காரன் என்ன, அங்காளம்மனையா கும்பிடுறான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஊ தெய்ன் ஹான் பிரிக்கவில்லை. ஒரு பண நோட்டை நீட்டி, "மோஹிங்கா சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சொர்ணம்மாள் அதைத் தொடவே இல்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், படித்ததும் வரலாறு. அந்த அட்டையை எழுதியவனும் என்னைப்போல் படித்தவன்தான். தைத்தது யார் என்று விசாரிக்க அவனுக்கு ஏன் தோன்றவில்லை? அவருடைய தெருக்காரன் என்பதைத் தவிர, எனக்கு மட்டும் தோன்றியிருக்க என்ன காரணம்?

திரும்பும்போது பஸ்ஸில், "என் பேரு அந்த அட்டையில ஏறட்டும் தம்பி, அம்மனுக்குப் பால்குடம் எடுக்குறேன்" என்று நேர்ந்துகொண்டார்.

வண்டி அதே அட்டையோடு பாங்காக் போய்விட்டது. இந்த மழைக்காலத்தில் சொர்ணம்மாள் இறந்துபோனார்.

"அம்மா நேர்ந்துகிட்டதை நான் செலுத்திடட்டாண்ணே?" என்று மகள் புஷ்பலதா கேட்டாள்.

"கேட்டதுதான் கிடைக்கலையே, எப்படிச் செலுத்துவே?"

பால்குடம் இன்னும் எடுக்கப்படவில்லை.