பட்டாணி இல்லாத மூலை

முள்கரண்டியின் பற்களை மசித்த உருளைக்கிழங்கின் மேல் வைத்து டோரீன் ஒரே இழுப்பாக இழுக்கிறாள். தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உழவுசால் போல வரிகள். இடதுபக்க மூலை வந்ததும் கை நிற்கிறது. அங்கே மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுகிறாள். கட்டம் போட்ட இடத்தின் அடியில் பட்டாணி இருக்காது. அது அவள் தம்பி கிளிஃபின் மூலை; அவனுக்குப் பட்டாணி ஆகாது.

அந்த மூலையைப் பார்த்தாலே அவள் கணவன் வில்ஃபுக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளிஃப் இந்த வீட்டுப் படியேறி ஒன்றரை மாதம் ஆகிறது.

"வராதவனுக்கு எதுக்கு மூலை? அவன் பங்குப் பட்டாணியும் என் தலையிலதான் விழுது."

"தலையில இல்ல கண்ணு, தட்டுல. பேசாம தின்னு."

டோரீனுக்கு இங்கிலாந்தின் ராச்டேலில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. அத்தனை பிள்ளைகளுக்கும் கண்ணளவில் உப்புப் போடுகிறவள், வியாழக்கிழமை வீட்டில், கறிமேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் காட்டேஜ் பை ஒரு தட்டு செய்வதற்குள் வில்ஃபின் உயிரை எடுத்துவிடுவாள். மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயம், கேரட்டோடு சுண்ட வேகவைத்து இறக்கினால், அது ஆறும்வரை மேலே கிழங்கு ஏறக்கூடாது. சூட்டோடு போட்டால் கிழங்கு அமிழ்ந்துவிடுமாம். பசி தாங்காமல் வில்ஃப் செய்தித்தாளால் விசிறுவான். "விசிறாத. எப்ப ஆறணும்னு அதுக்கே தெரியும்." வெந்த கிழங்கை வடித்து, மறுபடி அடுப்பில் ஏற்றி, ஈரம் போகும்வரை குலுக்குவாள். மசிக்கும் கரண்டியை வேறு யார் தொட்டாலும் பிடுங்கிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் கிளிஃப், வாய் நிறைய வைத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை கேட்டான்: "அக்கா, கிழங்கு இன்னிக்கு பாக்கெட் மாவுல கரைச்சதா?"

டோரீன் அவன் தட்டைப் பிடுங்கினாள். அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். அதோடு பேச்சு நின்றது. இத்தனைக்கும் அதே தெருவில், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். "வந்து மன்னிப்பு கேக்கட்டும்" என்று இவள் வில்ஃபிடம் சொல்வாள். "வேடிக்கைக்குச் சொன்னா இந்தக் குதி குதிக்கிறாளே" என்று அவன் வில்ஃபிடம் சொல்வான். ஆனால் வியாழன்தோறும் அந்த மூலை வெட்டுப்பட்டு, இன்னொரு தட்டால் மூடப்பட்டு, துணியில் முடிச்சாகி, வில்ஃபின் கையில் ஏறும். வெளியே மழை பெய்யும். மறுநாள் காலையில் தட்டுகள் கழுவித் துடைத்து, இவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பையில் தொங்கும்.

நேற்று வில்ஃபுக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா? மூலைய அழி. இல்ல, நீயே கொண்டுபோ."

டோரீன் பட்டாணிக் கிண்ணத்தை எடுத்து, கறியின் மேல் நாலு மூலைக்கும் கொட்டினாள். வில்ஃபுக்கு ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது. கிழங்கு ஏறியது, வரிகள் ஓடின. இடதுபக்க மூலையில் வழக்கம்போலக் கட்டம் விழுந்தது.

"ஏய், அடியில பட்டாணி இருக்கே!"

"கொட்டினவளுக்குத் தெரியாதா?"

"கடிச்சா கத்துவானே!"

"கத்தட்டும். அப்படியாவது வாயத் திறக்கட்டும்."

வில்ஃப் கிளிஃபின் முகத்தைப் பார்க்காமலே மூட்டையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

இன்று காலை பை தொங்கியது. வேலைக்குக் கிளம்பி, கோட்டுப் பித்தான்களையும் போட்டுவிட்ட டோரீன், பையை உள்ளே எடுத்துவந்து மேல்தட்டைத் தூக்கினாள். அடித்தட்டு கழுவப்படவில்லை. கறி, கிழங்கு எதுவும் மிச்சமில்லை. உள்விளிம்பைச் சுற்றி, காய்ந்த கறிச்சாறில் ஒட்டியபடி பட்டாணிகள் மட்டும். ஒன்றுகூட நசுங்காமல், சட்டைப் பித்தான்போலச் சம இடைவெளியில் வரிசையாக.

"ஐயோ" என்று வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்தான். "இனிமே என்னைக் கொன்னாலும் நான் போகமாட்டேன்."

டோரீன் தட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுவாம அனுப்பியிருக்கான் பாரு, திமிர் புடிச்ச கழுதை."

தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு பட்டாணியும் உதிராதபடி அடிமேல் அடிவைத்துத் தெருவில் இறங்கினாள். அவள் ஏறவேண்டிய பஸ் அவளைக் கடந்து போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வில்ஃப் ஜன்னல் திரையை விலக்கினான். நாலாவது வீட்டு வாசலில், கை ஒழியாததால், தம்பியின் கதவை அவள் ஷூ முனையால் உதைத்துக்கொண்டிருந்தாள்.